ஹாரி பாட்டர் கதைகளில் என்ன நீதி இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாரி பாட்டர் புத்தகங்களைக் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் சேர்ந்து வாசித்துப் பேசும் வாய்ப்பு எனக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்து வருகிறது. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஸ்னேப் என்ற ஆசிரியர் நல்லவரா, பொய் சொல்லும் பையன் எப்படி நாயகன் ஆனான், குழந்தைப் புத்தகத்தில் இத்தனை சாவு எதற்கு என்று அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஏழாம் புத்தகத்தின் கடைசிப் பக்கம்வரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன். கதையின் திருப்பங்கள் முன்கூட்டியே தெரியக் கூடாது என்பவர்கள் படித்து முடித்துவிட்டு வாருங்கள்.

நான் படித்ததே இல்லை. கதை என்னவென்று முதலில் சொல்லுங்களேன்.

ஜே. கே. ரோலிங் எழுதிய ஏழு நாவல்கள். முதல் நாவல் 1997-இல் பிரிட்டனில் வெளிவந்தது, கடைசி 2007-இல். ஒரு வயதில் தன் பெற்றோரை வோல்டமார்ட் என்ற கொடிய மந்திரவாதியிடம் பறிகொடுத்த ஹாரி, பெரியம்மா வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடுக்கில் படுத்துறங்கி வளர்கிறான். 11 வயதில் தானும் மந்திரவாதிதான் என்று தெரிந்து ஹாக்வர்ட்ஸ் என்ற உறைவிடப் பள்ளிக்குப் போகிறான். அங்கே ரான், ஹெர்மயனி என்று இரண்டு நண்பர்கள் கிடைக்கிறார்கள். தலைமையாசிரியர் டம்பிள்டோர். ஒரு புத்தகத்துக்கு ஓர் ஆண்டு என்று கதை நகர்கிறது. செத்தொழிந்ததாக நினைத்த வோல்டமார்ட் நான்காம் புத்தகத்தின் முடிவில் உடலோடு திரும்பி வருகிறான். ஏழாவதில் ஹாரி அவனை எதிர்கொண்டு முடிக்கிறான்.

ரோலிங் நீதி சொல்லத்தான் இதை எழுதினாரா?

நீதிக்கதையாகப் படித்தால் இந்தப் புத்தகங்கள் சப்பென்று போய்விடும். அவர் இதை எழுதத் தொடங்கிய 1990-ஆம் ஆண்டின் கடைசியில் அவருடைய தாய் நோயால் இறந்தார். அந்த இழப்பு கதையை ஆழமாக மாற்றியது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதல் புத்தகத்தில் ஒரு கண்ணாடி வரும். மனம் எதற்காக மிக ஏங்குகிறதோ அதைக் காட்டும் கண்ணாடி. ஹாரிக்கு அதில் இறந்துபோன அப்பாவும் அம்மாவும் தெரிகிறார்கள். அவன் இரவிரவாகப் போய் அதன்முன் உட்கார்ந்துகொள்கிறான். டம்பிள்டோர் அவனைத் திட்டவில்லை. இதன்முன் உட்கார்ந்தே வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் உண்டு என்று சொல்லி, கண்ணாடியை வேறிடத்துக்கு மாற்றப்போவதாகவும் அதைத் தேட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறார்.

அந்த அத்தியாயத்தை எழுதியவர் பாடம் நடத்த உட்கார்ந்தவர் இல்லை, துக்கத்தோடு உட்கார்ந்தவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாம் எடுத்துக்கொள்ளும் நீதியெல்லாம் அந்தத் துக்கத்திலிருந்து வருகிறது.

"அன்பு வெல்லும்" — அவ்வளவுதானே மொத்தக் கதையும்?

வெறும் "அன்பு" என்று நிறுத்திக்கொண்டால் கதை நமக்குப் பிடிபடாது. இங்கே அன்பு என்பது ஓர் உணர்ச்சி மட்டும் இல்லை, ஒரு செயல். ஹாரியின் தாய் லில்லிக்கு அன்றிரவு தப்பிக்க வழி இருந்தது. விலகி நில் என்று வோல்டமார்ட் அவளிடம் சொல்கிறான். அவள் விலகவில்லை. குழந்தையைக் காத்த மந்திரம் அந்த மறுப்பிலிருந்துதான் பிறக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை ஆறாம் புத்தகத்தில் இருக்கிறது. வோல்டமார்ட்டின் தாய் மெரோப், தான் ஆசைப்பட்டவனை வசிய மருந்தால் மயக்கி மணக்கிறாள். ஒரு கட்டத்தில் மருந்தை நிறுத்துகிறாள். அவன் கர்ப்பிணியான அவளை விட்டுவிட்டுப் போய்விடுகிறான். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் வோல்டமார்ட் ஆகிறான். வசியத்தால் ஏக்கத்தை உண்டாக்கலாம், அன்பை உண்டாக்க முடியாது என்பது மந்திரம் நிறைந்த இந்த உலகத்திலும் மாறாத விதி. வளரிளம் பருவத்தினரோடு படிக்கும்போது இந்த இடத்தில் நான் அவசரப்படுவதில்லை. "நீ எனக்கு வேண்டும்" என்பதற்கும் "உனக்கு நல்லது நடக்க வேண்டும்" என்பதற்கும் உள்ள தூரத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

தைரியம் என்றால் ஹாரிதானே? ஏன் எல்லோரும் நெவிலைச் சொல்கிறீர்கள்?

ஹாரிக்குப் பயம் வருவதே குறைவு. அவனுடைய வகுப்புத் தோழன் நெவிலுக்கு எல்லாவற்றுக்கும் பயம். முதல் புத்தகத்தில் நண்பர்கள் மூவரும் இரவில் விதியை மீறி வெளியே கிளம்பும்போது, ஏற்கனவே தம் இல்லம், அதாவது பள்ளியில் அவர்கள் சேர்ந்த மாணவர் பிரிவு, இழந்த புள்ளிகள் போதும் என்று வாசலை மறித்து நிற்பவன் அவன்தான். ஹெர்மயனி ஒரு மந்திரத்தால் அவனை விறைக்கவைத்துவிட்டுப் போகிறாள். ஆண்டு முடிவில் மற்ற மூவருக்கும் சேர்த்து 160 புள்ளி கிடைக்க, க்ரிஃபிண்டார் இல்லம் எதிரணியோடு சமநிலைக்கு வருகிறது. வெற்றியைத் தருவது நெவிலுக்குக் கிடைக்கும் 10 புள்ளி. நண்பர்களை எதிர்த்து நின்றதற்காகக் கிடைத்தவை அவை. அவன் தடுத்தது தவறான ஆட்களை. அவர்கள் போனதால்தான் பள்ளி பிழைத்தது. இருந்தும் அவனுக்குத் தெரிந்த அளவில் அவன் செய்தது சரி.

ஐந்தாம் புத்தகத்தில் அவன் பெற்றோரை மருத்துவமனையில் பார்க்கிறோம். எதிரிகளின் சித்திரவதையால் புத்தி கலங்கிப்போனவர்கள், மகனையே அடையாளம் தெரியாதவர்கள். அம்மா அவன் கையில் ஒரு வெற்று மிட்டாய்க் காகிதத்தைக் கொடுக்கிறாள். இப்படி எத்தனையோ கொடுத்தாகிவிட்டது, குப்பையில் போடு என்கிறாள் பாட்டி. அவன் யாருக்கும் தெரியாமல் அதைப் பையில் வைத்துக்கொள்கிறான். கடைசிப் போரில் வோல்டமார்ட் முன் தனியாக நின்று "மாட்டேன்" என்று சொல்பவனும் இவன்தான். அந்தக் காகிதத்தைப் படித்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

ஹாரியைப் பற்றித் தீர்க்கதரிசனமே இருக்கிறது. எல்லாம் முன்பே எழுதப்பட்டதென்றால் அவன் "தேர்ந்தெடுத்தான்" என்று எப்படிச் சொல்வது?

நல்ல கேள்வி. அந்தத் தீர்க்கதரிசனம், வோல்டமார்ட்டை வீழ்த்தும் ஆற்றலோடு ஜூலை மாத முடிவில் பிறக்கும் ஒரு குழந்தையைப் பற்றியது. அது நெவிலுக்கும் பொருந்தும், அவனும் அதே சமயத்தில் பிறந்தவன். வோல்டமார்ட் அதைப் பாதிதான் கேட்டான், கேட்டதை நம்பினான், ஹாரியைத் தேடிப் போனான். அவன் நம்பாமல் விட்டிருந்தால் அது காற்றில் போன பேச்சு. டம்பிள்டோர் இதை ஆறாம் புத்தகத்தில் பொறுமையாக விளக்குகிறார். இதைக் கேட்காதிருந்தாலும் நீ அவனை எதிர்த்திருப்பாய் அல்லவா என்று கேட்கிறார். ஹாரி யோசித்துப் பார்க்கிறான். களத்துக்குள் இழுத்துத் தள்ளப்படுவதும் தலைநிமிர்ந்து நடந்து போவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கலாம், போகிறவனுக்கு ஒன்றில்லை என்று அவனுக்குப் புரிகிறது.

அப்படியென்றால் 11 வயதுப் பிள்ளைகளைத் தொப்பி போட்டுப் பிரிப்பது எதற்கு? ஸ்லிதரின் பிள்ளைகள் எல்லோரும் கெட்டவர்களா?

இது கதையின் பலவீனமான இடம் என்றே நினைக்கிறேன். ஒரு மந்திரத் தொப்பி குணம் பார்த்து நான்கு இல்லங்களாகப் பிரிக்கிறது. ஸ்லிதரின் இல்லத்திலிருந்துதான் பெரும்பாலான எதிரிகள் வருகிறார்கள். ஸ்லிதரின் வேண்டாம் என்று ஹாரி மனதுக்குள் கெஞ்சியதால்தான் அவன் க்ரிஃபிண்டாருக்குப் போனான். தொப்பி கேட்டுக்கொண்டது என்பதே ஒரு நல்ல குறிப்பு.

நாம் சில சமயம் மிகச் சீக்கிரம் பிரித்துவிடுகிறோமோ என்று டம்பிள்டோரே ஸ்னேப்பிடம் ஒருமுறை சொல்கிறார். கதைக்குள்ளிருந்தே வரும் ஒப்புதல் அது. வோல்டமார்ட்டுக்கு எதிராகத் தனியாக உயிரைக் கொடுத்த ரெகுலஸ் ஒரு ஸ்லிதரின். தயங்கித் தயங்கிக் கடைசியில் போருக்குத் திரும்பி வரும் ஆசிரியர் ஸ்லக்ஹார்னும் ஸ்லிதரின்தான். 19 ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கும் இறுதிக் காட்சியில், ஸ்லிதரினில் போட்டுவிடுவார்களோ என்று பயப்படும் தன் மகனிடம், போட்டால் அந்த இல்லத்துக்கு ஒரு நல்ல மாணவன் கிடைப்பான் என்று ஹாரி சொல்கிறான். தாமதமாக வந்த திருத்தம்தான், ஆனாலும் திருத்தம்.

ஹாரி பொய் சொல்கிறான், விதியை மீறுகிறான், கடைசியில் கைதட்டும் வாங்குகிறான். என் பிள்ளைக்கு இது தவறான பாடம் ஆகாதா?

பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். முதலில், அவன் மீறலுக்கெல்லாம் கைதட்டுக் கிடைப்பதில்லை. முதல் புத்தகத்தில் ஒரே இரவில் அவனும் ஹெர்மயனியும் நெவிலும் 150 புள்ளிகளை இழந்து இல்லம் முழுவதன் வெறுப்பையும் சம்பாதிக்கிறார்கள். ஐந்தாம் புத்தகத்தில் ஹெர்மயனி தடுத்தும் கேட்காமல் ஹாரி மந்திரவாதிகளின் அமைச்சகத்துக்கு ஓடுகிறான். அது எதிரி விரித்த வலை. அவனுடைய ஞானத்தந்தை சிரியஸ் அவனைக் காப்பாற்ற வந்து உயிரை விடுகிறார். ஒரு பிள்ளையின் அவசரத்துக்கு இதைவிடப் பெரிய விலையை எந்தக் கதை சொல்லிவிட முடியும்?

இரண்டாவது, கதை விதியையும் அறத்தையும் பிரித்துக் காட்டுகிறது. அம்ப்ரிட்ஜ் என்ற ஆசிரியை அரசு அனுப்பி வந்தவர். வோல்டமார்ட் திரும்பி வந்துவிட்டான் என்று ஹாரி உண்மையைச் சொன்னதற்கு, "நான் பொய் சொல்லக் கூடாது" என்று எழுதும்படி தண்டனை தருகிறார். அந்தப் பேனா எழுதுபவன் கையின் தோலைக் கிழித்து அவன் ரத்தத்தையே மையாக்குகிறது. எல்லாமே அரசாணைப்படி நடக்கிறது. அப்போது மாணவர்கள் ரகசியமாகக் கூடித் தற்காப்பு மந்திரங்களைப் பழகுகிறார்கள். இந்த மீறலையும், ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையில் மாய அங்கியைப் போட்டுக்கொண்டு பள்ளியை விட்டு நழுவியதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளையையே கேளுங்கள். நான் கேட்ட குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வோல்டமார்ட்டைவிட அம்ப்ரிட்ஜ்மேல் கோபம் வருகிறதே, ஏன்?

வோல்டமார்ட்டை யாரும் நேரில் பார்த்ததில்லை. அம்ப்ரிட்ஜைப் பார்த்திருக்கிறோம். இனிமையான குரல், ரோஜா நிற உடை, சுவரெல்லாம் பூனைக்குட்டிப் படம் பதித்த தட்டுகள், கையில் ஓர் ஆணை. அவர் வோல்டமார்ட்டின் ஆள்கூட இல்லை. எந்த ஆட்சி வந்தாலும் அதன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

பெட்டிக்ரூவை ஹாரி கொல்லவிடாமல் தடுத்தது முட்டாள்தனம் இல்லையா?

சுருக்கமாக நடந்தது இது. ஹாரியின் பெற்றோரைக் காட்டிக்கொடுத்த பழைய நண்பன் பெட்டிக்ரூ மூன்றாம் புத்தகத்தில் அகப்படுகிறான். ஹாரி அப்பாவின் மற்ற இரு நண்பர்களான சிரியஸும் லூபினும் அவனைக் கொல்லப் போகிறார்கள். 13 வயது ஹாரி குறுக்கே நிற்கிறான். பெட்டிக்ரூ அன்றிரவே தப்பி ஓடி வோல்டமார்ட்டிடம் சேர்கிறான். அடுத்த புத்தகத்தில் செட்ரிக் என்ற அப்பாவி மாணவனைக் கொல்வதும், வோல்டமார்ட்டுக்கு உடலைத் திருப்பித் தருவதும் இவன் கைதான். பாம்புக்குப் பால் வார்த்த கதை என்று படிப்பவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்.

ஆனால் ஹாரி சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். பெட்டிக்ரூ பிழைக்கட்டும் என்று அவன் சொல்லவில்லை. இவனுக்காக நீங்கள் இருவரும் கொலைகாரர்களாக மாறுவதை என் அப்பா விரும்பியிருக்க மாட்டார் என்கிறான். அவன் காக்க நினைத்தது பெட்டிக்ரூவை அல்ல, மற்ற இருவரை. அவனைச் சிறைக்கு அனுப்பத்தான் சொன்னான், கட்டவிழ்த்துவிடச் சொல்லவில்லை.

ஏழாம் புத்தகத்தில் பெட்டிக்ரூ ஹாரியின் கழுத்தை நெரிக்கும்போது, நான் உன் உயிரைக் காப்பாற்றினேனே என்று ஹாரி நினைவூட்டுகிறான். அந்தக் கை ஒரு கணம் தளர்கிறது. வோல்டமார்ட் பரிசாகத் தந்த வெள்ளிக் கை அது. தளர்ந்த குற்றத்துக்காக அது தன் சொந்தக்காரன் கழுத்தையே நெரித்துக் கொன்றுவிடுகிறது. ஹாரியும் ரானும் அதை இழுத்துப் பிரிக்கப் பார்க்கிறார்கள், முடியவில்லை. இரக்கம் காட்டினால் லாபம் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்ட இந்தக் காட்சியைப் பயன்படுத்தாதீர்கள். செட்ரிக்கின் பெற்றோரிடம் அந்தக் கணக்கைச் சொல்ல முடியாது. அந்தப் பையன் இறந்துவிட்டான், இரக்கம் சரியாகவும் இருந்தது. கதை இரண்டையும் நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது.

வீட்டு எல்ஃப்கள் அடிமைகள்தானே? ஹெர்மயனியைத் தவிர யாரும் கவலைப்படவில்லையே?

ஆமாம், மந்திரவாதிகளின் வீட்டு வேலைகளைச் செய்யும் அந்தக் குட்டி உயிரினங்கள் அடிமைகள்தான். எஜமானர் துணி கொடுத்தால்தான் அவர்களுக்கு விடுதலை. டாபி என்ற எல்ஃபுக்கு ஒரு காலுறையால் கிடைத்தது. ஹாக்வர்ட்ஸ் சமையலறையில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கூலியில்லாமல் உழைக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஹெர்மயனி ஓர் இயக்கம் தொடங்குகிறாள். நண்பர்களே சிரிக்கிறார்கள். கதையும் பல இடங்களில் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறது, அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் அவளும் ஒரு தவறு செய்கிறாள். யாரையும் கேட்காமல், தொப்பிகளைப் பின்னிக் குப்பைக்கு அடியில் மறைத்து வைத்து, தெரியாமல் எடுத்தாவது அவர்கள் விடுதலை ஆகட்டும் என்கிறாள். அவமானப்பட்ட எல்ஃப்கள் அந்த அறையைத் துப்புரவு செய்யவே மறுத்துவிடுகிறார்கள்.

சிரியஸ் நான்காம் புத்தகத்தில் ஓர் அருமையான அறிவுரை சொல்கிறார்: ஒருவன் எப்படிப்பட்டவன் என்று அறிய, தனக்குக் கீழே இருப்பவர்களை அவன் எப்படி நடத்துகிறான் என்று பார். அதே சிரியஸ் தன் வீட்டு எல்ஃப் க்ரீச்சரை நாயை விடக் கேவலமாக நடத்துகிறார். க்ரீச்சர் எதிரியிடம் போய்ப் பேசிவிடுகிறான். சிரியஸின் சாவுக்கு அது வழி செய்கிறது. ஏழாம் புத்தகத்தில் ஹாரி க்ரீச்சரை உட்காரவைத்து அவன் கதையைக் கேட்கிறான். அவன் உயிராய் நேசித்த, சிரியஸின் தம்பி ரெகுலஸின் லாக்கெட்டை, அதாவது அசலுக்குப் பதில் வைத்த போலியை, அவனுக்கே கொடுக்கிறான். க்ரீச்சர் விம்மி அழுகிறான். அதன்பின் அவன் வேறு ஆளாகிறான். மரியாதை என்ன செய்யும் என்பதற்கு மொத்தத் தொடரிலும் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இருந்தும், போர் முடிந்த அன்று களைத்துப்போன ஹாரி, க்ரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து தருவானா என்றுதான் நினைக்கிறான். அடிமை முறை ஒழிந்ததாக ஏழு புத்தகங்களில் எங்கும் வரவில்லை. அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசுங்கள்.

ஸ்னேப் நல்லவரா கெட்டவரா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொன்னால் பொய்யாகிவிடும். ஸ்னேப் லில்லியைச் சிறு வயதிலிருந்து நேசித்தவர். பள்ளிக் காலத்தில் ஒரு கோபத்தில் அவளை "மட்பிளட்" என்று திட்டிவிடுகிறார். மந்திரவாதிகள் அல்லாத பெற்றோருக்குப் பிறந்தவர்களைச் சேற்று ரத்தம் என்று இழிக்கும் வசைச்சொல் அது. நட்பு அன்றோடு முறிகிறது. பிறகு வோல்டமார்ட்டிடம் சேர்கிறார். பாதித் தீர்க்கதரிசனத்தைக் கொண்டுபோய்ச் சொன்னதும் அவர்தான். அது லில்லியின் குழந்தையைக் குறிக்கிறது என்று புரிந்ததும் டம்பிள்டோரிடம் ஓடி வந்து அவளைக் காப்பாற்றக் கேட்கிறார். அவள் கணவனும் குழந்தையும் சாகலாமா என்று டம்பிள்டோர் அருவருப்போடு கேட்ட பிறகுதான் எல்லோரையும் என்கிறார். அவள் இறந்த பின் பல ஆண்டுகள் உயிரைப் பணயம் வைத்து உளவாளியாக இருக்கிறார்.

இதையெல்லாம் காதல் என்று கொண்டாடுபவர்கள் வகுப்பறையை மறந்துவிடுகிறார்கள். நெவில் உலகத்திலேயே மிக அஞ்சும் உருவம் ஸ்னேப்தான். பெற்றோரைச் சித்திரவதை செய்தவர்களைவிட ஓர் ஆசிரியருக்கு அந்தக் குழந்தை அதிகம் பயப்படுகிறது! இன்னொருவர் மந்திரத்தால் ஹெர்மயனியின் பற்கள் கோரமாக நீண்டுவிட்டபோது, எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லையே என்கிறார் அவர். 15 வயதுச் சிறுமி அழுதுகொண்டே ஓடுகிறாள். எந்தக் காதலும் இதை ஈடுசெய்யாது.

சரி, அப்புறம் ஏன் நான் ஸ்னேப்பைக் கைவிடவில்லை? இரண்டு சின்ன இடங்கள். எத்தனை பேர் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று டம்பிள்டோர் கேட்கும்போது, சமீப காலமாக என்னால் காப்பாற்ற முடியாதவர்களை மட்டும் என்கிறார் ஸ்னேப். லில்லி ஒருத்தியை மட்டும் கேட்டு வந்தவர் பேசும் பேச்சு இது. இன்னொன்று, அவர் தலைமையாசிரியராக இருக்கும்போது சுவரில் இருக்கும் ஓர் ஓவியம் ஹெர்மயனியை "மட்பிளட்" என்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லாதே என்று சீறுகிறார். அங்கே அவரைக் கேட்க ஆளில்லை, நடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எந்தச் சொல்லால் வாழ்க்கையை இழந்தாரோ அந்தச் சொல் அவருக்கு இப்போது வலிக்கிறது. ஹாரி தன் மகனுக்கு அவர் பெயரை வைத்தது சரியா என்று கேட்டால், நெவிலின் மகனுக்கு அந்தப் பெயரை யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள் என்றுதான் சொல்வேன்.

டம்பிள்டோரை நம்பலாமா? ஹாரியைச் சாகவிடத்தானே வளர்த்தார்?

வோல்டமார்ட்டை ஒழிக்க ஹாரி சாக வேண்டியிருக்கும் என்று டம்பிள்டோர் அறிந்திருந்தார். ஸ்னேப்பே அதைத்தான் கேட்கிறார், வெட்டுவதற்கு வளர்க்கும் பன்றியைப் போலவா வளர்த்தீர்கள் என்று. டம்பிள்டோர் 17, 18 வயதில் கிரிண்டல்வால்டு என்ற நண்பனோடு சேர்ந்து, எல்லோருடைய நன்மைக்காக என்ற முழக்கத்தின் கீழ், மந்திரம் அறியாதவர்களை அடக்கி ஆளத் திட்டம் போட்டவர். அதையொட்டி எழுந்த சச்சரவில் அவர் தங்கை அரியானா செத்துப்போனாள். கிரிண்டல்வால்டு பிறகு தான் கட்டிய சிறையின் வாசலில் அதே முழக்கத்தைப் பொறித்து வைத்தான். பெரிய நன்மைக்காகச் சிலர் பலியாகலாம் என்று பேசும் எவரையும் பார்த்தால் இந்தச் சிறை வாசல் என் நினைவுக்கு வரும்.

அதன்பின் அமைச்சர் பதவி தேடி வந்தபோதெல்லாம் அவர் மறுத்தார், அதிகாரம் கையில் வந்தால் தான் என்ன ஆவேன் என்று தெரிந்ததால். இருந்தும் ரகசியம் வைக்கும் பழக்கத்தை விடவில்லை. இறந்த பின் ஹாரி அவரைச் சந்திக்கும் காட்சியில், அவர் குழந்தையைப் போல அழுது மன்னிப்புக் கேட்கிறார். அந்த அழுகையால்தான் அவரை நம்புகிறேன். அவருடைய திட்டங்களை அவ்வளவாக நம்புவதில்லை.

ஹாரியே தடைசெய்யப்பட்ட சாபங்களைப் பயன்படுத்துகிறானே?

பயன்படுத்துகிறான், இதை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆறாம் புத்தகத்தில் என்ன செய்யும் என்றே தெரியாத ஒரு மந்திரத்தைத் தன்னோடு படிக்கும் எதிரி மால்ஃபாய்மேல் ஏவி, அவன் ரத்த வெள்ளத்தில் கிடப்பதைப் பார்த்து நடுங்குகிறான். அது சரியாக எழுதப்பட்ட காட்சி. ஏழாவதில் அவனுடைய ஆசிரியை மக்கோனகல் முகத்தில் ஒருவன் துப்பியதும், ஹாரி அவன்மேல் சித்திரவதைச் சாபத்தை ஏவுகிறான். உண்மையாகவே வலிக்க வேண்டும் என்று நினைத்தால்தான் அது பலிக்கும் என்று இப்போது புரிந்தது என்கிறான். ஆசிரியை அதைக் கண்டிக்காமல் அவன் வீரத்தை மெச்சுகிறார். நெவிலின் பெற்றோரை மருத்துவமனைக்கு அனுப்பியது இதே சாபம். அதை நினைத்துப் பார்க்க அந்தப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. போரின் வெறியில் நல்லவர்களும் இப்படி ஆவார்கள் என்று சொல்ல வந்தார் ரோலிங் என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் அதன் பிறகு ஒரு வரியாவது வருத்தம் இருந்திருக்க வேண்டும்.

இத்தனை சாவு குழந்தைகளுக்குத் தேவையா?

முதல் மூன்று புத்தகங்களுக்கும் பிந்தைய நான்குக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நாயகனோடு வாசகரும் வளர வேண்டும் என்ற அமைப்பு அது. ஒரேயடியாக ஏழையும் எட்டு வயதுக் குழந்தையிடம் கொடுக்க மாட்டேன். ஆனால் யாரையாவது இழந்த குழந்தைக்கு, மேலே சொன்ன கண்ணாடி அத்தியாயம் பெரியவர்களின் ஆறுதல் பேச்சைவிடப் பக்கத்தில் வந்து உட்காரும். மகிழ்ச்சியை உறிஞ்சி எடுக்கும் டிமென்டர்கள், தனக்கு வந்த மனச்சோர்விலிருந்து பிறந்தவை என்று ரோலிங் சொல்லியிருக்கிறார். அவற்றிடம் அகப்பட்டு மயங்கியவனை லூபின் கேலி செய்யவில்லை, கையில் சாக்லேட் கொடுக்கிறார். இப்படிப்பட்ட ஆள் ஒருவர் கதையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

மாந்திரீகம் மதத்துக்கு எதிரானது இல்லையா?

இந்தக் கவலை பரவலாக இருந்தது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்கில், 2000 முதல் 2009 வரை அங்கே அதிக எதிர்ப்புக்கு உள்ளான புத்தக வரிசை இதுதான். ஆனால் கதையில் மந்திரம் ஒரு பள்ளிப் பாடம். ஆவிகளை வணங்குவதோ பூஜை செய்வதோ கிடையாது. ஹாரியின் பெற்றோர் கல்லறையிலும் டம்பிள்டோரின் தாய், தங்கை கல்லறையிலும் பொறித்திருப்பவை பைபிள் வசனங்கள். உங்கள் வீட்டில் எது சரி என்பது உங்கள் முடிவு. படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

இதையெல்லாம் படித்தால் நிஜமாகவே மனிதர்கள் மாறுகிறார்களா?

2014-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. இத்தாலியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேர், ஆறு வாரம் சிறு குழுக்களாக இந்தப் புத்தகங்களின் பகுதிகளைப் படித்துப் பேசினார்கள். ஒரு பாதிக்கு வேற்றுமை பாராட்டுதல் பற்றிய பகுதிகள், மறு பாதிக்குச் சாதாரணப் பகுதிகள். முதல் பாதியில் ஹாரியோடு தங்களை ஒன்றிப் பார்த்தவர்களுக்கு, புலம்பெயர்ந்து வந்தவர்கள்மேல் இருந்த எண்ணம் மேம்பட்டது. படித்ததோடு பேசவும் செய்தார்கள் என்பதை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் வெறுமனே பக்கம் புரட்டியதால் வந்த மாற்றம் இல்லை.

இன்னொரு உதாரணம், 2005-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹாரி பாட்டர் அலையன்ஸ் என்ற வாசகர் அமைப்பு. ஹாரி பாட்டர் பெயரில் விற்கும் சாக்லேட்டுக்கான கோகோ, நியாயமான முறையில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று சில ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள். 2015-இல் வார்னர் பிரதர்ஸ் அதற்கு ஒப்புக்கொண்டது. லூபினின் சாக்லேட்டை அவர்கள் கவனமாகப் படித்திருக்கிறார்கள்.

எழுத்தாளருடைய கருத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை. புத்தகத்தை இனி எப்படிப் படிப்பது?

2020-இல் பாலின அடையாளம் குறித்து ரோலிங் எழுதியவை பல வாசகர்களைப் புண்படுத்தின. திரைப்படத்தில் ஹாரியாக நடித்த டேனியல் ராட்க்ளிஃப் அப்போது வெளியிட்ட அறிக்கையில், புத்தகத்தில் நீங்கள் கண்டெடுத்தது உங்களுக்கும் புத்தகத்துக்கும் இடையில் உள்ளது, அதை யாரும் தொட முடியாது என்ற பொருளில் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது. போதவில்லை என்று புத்தகத்தை மூடி வைத்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் காயம் உண்மையானது. அவர்களோடு வாதாட மாட்டேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால்?

வருந்தித் திரும்புவது. தைரியத்தையும் அன்பையும் எல்லோரும் பேசுகிறார்கள், இதைப் பேசுபவர்கள் குறைவு. கொலை செய்தால் ஆன்மா கிழியும், அதைத் துண்டு துண்டாக ஒளித்துவைத்தால் சாவைத் தள்ளிப்போடலாம் என்று வோல்டமார்ட் செய்துவைத்தவைதான் ஹார்க்ரக்ஸ்கள். கிழிந்ததை ஒட்டவைக்க ஒரே வழி மனம் வருந்துவது, அந்த வலியே ஆளைக் கொன்றுவிடலாம் என்று ஹெர்மயனி ஒரு பழைய நூலில் படிக்கிறாள். கடைசிச் சண்டையில், தன் பெற்றோரைக் கொன்றவனிடம், கொஞ்சமாவது வருந்திப் பார் என்று ஹாரி கேட்கிறான். வோல்டமார்ட்டை அதுவரை எதுவும் அவ்வளவு திடுக்கிட வைத்ததில்லை. அவனால் முடியவில்லை.

மற்றவர்கள் முடிந்த அளவு திரும்புகிறார்கள். நண்பர்களை விட்டுப் போன ரான் திரும்பி வந்து, உறைந்த குளத்தில் மூழ்கிக்கொண்டிருக்கும் ஹாரியைக் காப்பாற்றுகிறான். பதவிக்காகக் குடும்பத்தை உதறிய அவன் அண்ணன் பெர்சி, போர் நடக்கும் இரவில் வந்து நின்று, நான் ஒரு முட்டாள் என்கிறான்.

எனக்கு மிகப் பிடித்தது அவர்கள் கதைகூட இல்லை, பெரியம்மா மகன் டட்லியின் கதை. 10 ஆண்டுகளுக்கும் மேலாக ஹாரியை அடித்துத் துன்புறுத்தியவன். ஐந்தாம் புத்தகத்தில் டிமென்டர்களிடமிருந்து ஹாரி அவனைக் காப்பாற்றுகிறான். ஏழாம் புத்தகத்தின் தொடக்கத்தில், தன் அறை வாசலில் வைத்திருந்த ஒரு கோப்பை ஆறிப்போன தேநீரை ஹாரி மிதித்துவிட்டு, டட்லி வைத்த பொறி என்று நினைத்து எரிச்சல்படுகிறான். குடும்பம் வீட்டைக் காலி செய்யும் நாளில் டட்லி திக்கித் திணறி, நீ ஒன்றுக்கும் உதவாதவன் என்று நான் நினைக்கவில்லை என்கிறான். அப்போதுதான் ஹாரிக்கு அந்தத் தேநீர் எதற்கு என்று உறைக்கிறது. இருவரும் கைகுலுக்குகிறார்கள். எல்லோரும் போன பின் பெரியம்மா ஒரு கணம் வாசலில் நிற்கிறாள். இறந்துபோன தங்கையின் மகனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுப்பது போலிருக்கிறது. சொல்லாமலே வெளியே போய்விடுகிறாள்.